பிடித்துவைத்த கூலி: கட்டாய உழைப்பு விஷயத்தில் கிறிஸ்தவ சபைகள் செய்ததும் செய்யாததும்

கிறிஸ்தவ சபைகளைப் பற்றிய மூன்று செய்திகள் சமீப ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தன. 2023 ஜனவரியில் இங்கிலாந்து திருச்சபை, தன் பழைய நிதியில் அடிமை வணிகப் பணம் கலந்திருந்தது என்று ஒப்புக்கொண்டு 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் 30 அன்று வத்திக்கான், கிறிஸ்தவர் அல்லாதோரை அடிமைப்படுத்த அனுமதித்து 15ஆம் நூற்றாண்டில் போப்புகள் எழுதிக்கொடுத்த சில ஆணைகள் கத்தோலிக்க விசுவாசத்தைச் சேர்ந்தவை அல்ல என்று கைகழுவியது. 2025ஐ யூபிலி ஆண்டாக, அதாவது வேதாகமத்தின் விடுதலை ஆண்டை நினைவுகூரும் புனித ஆண்டாக அறிவித்த போப் பிரான்சிஸ், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று பணக்கார நாடுகளைக் கேட்டார்.

இதைப் படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இப்போது எதற்குப் பணம்? நாட்டின் கடனுக்கும் கொத்தடிமைக்கும் என்ன சம்பந்தம்? இதில் சபைக்கு என்ன வேலை? மூன்று செய்திகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: வேலை செய்தவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா, சேரவில்லை என்றால் அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கட்டாய உழைப்பு என்றால் எது

சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐஎல்ஓ, 1930இல் கொண்டுவந்த 29ஆம் எண் உடன்படிக்கை இதற்கு வரையறை கொடுத்தது. அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு.

1. செய்யாவிட்டால் ஏதோ ஒரு தண்டனை வரும் என்ற மிரட்டல் இருக்க வேண்டும்.
2. அந்த வேலைக்கு அவர் தானாக முன்வந்திருக்கக் கூடாது.

இரண்டும் சேர்ந்தால்தான் கட்டாய உழைப்பு. சம்பளம் குறைவு, வேலை கடினம் என்பது மட்டும் போதாது. அது சுரண்டல், அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் தண்டனை என்றதும் சாட்டையும் சங்கிலியும் நினைவுக்கு வந்தால் அதுவும் தவறு. பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது தண்டனைதான். மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, இப்போது போனால் அதுவும் கிடைக்காது என்பதும் தண்டனைதான். போலீசில் சொல்லி நாடுகடத்திவிடுவேன் என்பதும் அப்படியே.

ஐஎல்ஓ இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, 2021இல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அதில் 33 லட்சம் பேர் குழந்தைகள். (செய்திகளில் அடிபடும் 4 கோடியே 96 லட்சம் என்ற பெரிய எண், கட்டாயத் திருமணத்தையும் சேர்த்துச் சொல்லப்படுவது. இரண்டையும் கலக்காமல் படிப்பது நல்லது.) பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

1. விவசாயம், கட்டுமானம், தொழிற்சாலை, மீன்பிடி, வீட்டுவேலை போன்ற தனியார் துறைகளில்: 1 கோடியே 73 லட்சம்.
2. பாலியல் தொழிலில் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள்: 63 லட்சம்.
3. அரசாங்கமே சுமத்தும் கட்டாய உழைப்பு: 39 லட்சம்.

ஏழை நாடுகளின் பிரச்சினை என்று தள்ளிவைக்கவும் முடியாது. இதில் பாதிக்கு மேல் நடுத்தர மேல்நிலை வருமானமும் உயர் வருமானமும் உள்ள நாடுகளில்தான் நடக்கிறது. இதில் வரும் சட்டவிரோத லாபம் ஆண்டுக்கு 23,600 கோடி டாலர் என்று ஐஎல்ஓ 2024இல் கணக்கிட்டது. அந்த லாபம் என்பது வேறொன்றுமில்லை, கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலி.

வேதாகமத்தில் இரண்டு குரல்கள்

கிறிஸ்தவம் அடிமைத்தனத்தை எதிர்த்தது என்பவரும் ஆதரித்தது என்பவரும் ஒரே புத்தகத்திலிருந்துதான் வசனம் காட்டுகிறார்கள். இருவரிடமும் வசனம் இருக்கிறது.

எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளை வெளியே கொண்டுவருவதுதான் யாத்திராகமத்தின் கதையே. உபாகமம் 24, கூலிக்காரனின் கூலியை அன்றன்று பொழுதுசாயும் முன் கொடுத்துவிடச் சொல்கிறது; அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. லேவியராகமம் 25இல் யூபிலிச் சட்டம் வருகிறது: ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், கடனுக்காகத் தன்னை விற்றுக்கொண்ட இஸ்ரவேலன் வீடு போக வேண்டும். கூலி கொடுக்காமல் அயலானிடம் வேலை வாங்கி மாளிகை கட்டும் அரசனை எரேமியா 22 சபிக்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு 5, வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடன் கொத்தடிமை அங்கே அப்படியே படம்பிடிக்கப்பட்டிருக்கிறது. பஞ்சம் வருகிறது. சனங்கள் நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைக்கிறார்கள். அரசனுக்கு வரி கட்ட மேலும் கடன். கடைசியில் பிள்ளைகளை அடிமைகளாக அனுப்புகிறார்கள். நெகேமியா கடன் கொடுத்தவர்களைக் கூட்டி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்தவர்கள்தான் என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறார். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பிற்கால சபைகள் அதிகம் படிக்கவில்லை என்று தோன்றுகிறது.

மறுபக்கத்தில், அதே லேவியராகமம் 25 பிற தேசத்தாரை அடிமைகளாக வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்கிறது. எபேசியர் 6 அடிமைகளை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. ஓடிவந்த அடிமை ஒநேசிமுவை பவுல் எஜமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்புகிறார். அடிமைக்கும் மேலாக, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறாரே தவிர, அடிமைமுறையே தவறு என்று எழுதவில்லை.

எந்தக் குரல் ஆபத்தானது என்பது தோட்ட முதலாளிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதில் இருந்தது, புதிய ஏற்பாட்டில் பாதி. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்படும் பகுதி இல்லை. அடிமையென்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்று கலாத்தியர் 3 சொல்லும் இடம் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது.

சபையின் கணக்குப் புத்தகம்

4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி, தேவசாயலில் படைக்கப்பட்டவனுக்கு யார் விலை போட முடியும் என்று பிரசங்கத்தில் கேட்டார். அடிமைமுறையையே நேரடியாகத் தாக்கிய அந்தக் குரல் அக்காலத்தில் கிட்டத்தட்டத் தனிக்குரல். அதற்குப் பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சபைகள் அடிமைமுறையோடு சேர்ந்தே வாழ்ந்தன.

1452இல் போப் ஐந்தாம் நிக்கோலாஸ், கிறிஸ்தவர் அல்லாதோரைப் பிடித்து நிரந்தர அடிமைகளாக்கும் உரிமையைப் போர்ச்சுகல் அரசருக்கு எழுதிக்கொடுத்தார். 2023இல் வத்திக்கான் கைகழுவியது இதையும் இதை ஒட்டிய ஆணைகளையும்தான். இடையில் 1537இல் போப் மூன்றாம் பால், அமெரிக்கப் பழங்குடியினரை அடிமைப்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டார். அவர்கள் பக்கம் நின்று வாதாடிய லாஸ் காசாஸ் பாதிரியாரோ, அவர்களைக் காப்பாற்ற ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஆரம்பத்தில் யோசனை சொன்னவர். பிறகு அதற்காக வருந்தி எழுதினார்.

பார்படோஸ் தீவின் கொட்ரிங்டன் கரும்புத் தோட்டம் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்க மிஷனரி சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தது. சுவிசேஷம் பரப்பத்தான் அந்தச் சங்கம். அங்கிருந்த அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்ற சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடுபோட்டார்கள். இங்கிலாந்து திருச்சபை இதற்கு மன்னிப்புக் கேட்டது 2006இல்.

1838இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் இயேசு சபையினர் (கத்தோலிக்கத் துறவிகள்) 272 அடிமைகளைத் தெற்கே விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அந்தப் பணம் உதவியது. 2021இல் அமெரிக்க இயேசு சபை, அவர்களின் வாரிசுகளுக்காக 10 கோடி டாலர் திரட்டுவதாக உறுதி கொடுத்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 10 கோடி பவுண்டும் இதே வகைக் கணக்கு: ஏழைப் போதகர்களுக்கு உதவ 1704இல் தொடங்கிய 'ராணி ஆனின் நன்கொடை நிதி', அடிமைகளைக் கப்பலில் ஏற்றி விற்ற தென்கடல் கம்பெனியில் பெரும் தொகையை முதலீடு செய்திருந்தது. இன்றைய திருச்சபை நிதி அதன் வாரிசு.

எதிர்ப்பும் சபைக்குள்ளிருந்தே வந்தது. 18ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜான் உல்மன் என்ற தையல்காரர் ஊர் ஊராகப் போய், அடிமை வைத்திருந்த தன் சபையாரிடம் பேசினார். அப்படிப்பட்ட வீட்டில் தங்கினால், தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் காசு கொடுக்காமல் புறப்பட மாட்டார். விருந்தினர் கூலி கொடுக்கிறார் என்றால் வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1787இல் லண்டனில் தொடங்கிய அடிமை வணிக ஒழிப்புக் குழுவின் 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள். நாடாளுமன்றம் 1791இல் மசோதாவைத் தோற்கடித்ததும், பிரிட்டனில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்குவதை நிறுத்தினார்கள். வீட்டில் தேநீர் கலக்கும் பெண்கள்தான் அதை நடத்திக்காட்டினார்கள்.

அடிமைகளும் காத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஜமைக்காவில் பாப்திஸ்து சபையின் டீக்கன் சாம் ஷார்ப், தானே அடிமை. 1831 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் கூலி கொடுத்தால்தான் வேலைக்குத் திரும்புவோம் என்பது அவர் போட்ட திட்டம். அது கலவரமாக வெடித்தது. 1832 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்து 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு முழுதாக அடைத்து முடித்தது 2015இல். இருநூறு வருஷப் பழங்கதை என்று சொல்கிறவர்களுக்கு 2015 என்ற இந்த எண் உதவும்.

இன்றைய வேலைகள்: நான்கு வகை

இப்போது சபைகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் செய்பவற்றைப் பெரிதாக நான்காகப் பிரிக்கலாம். நான்குக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

1. மீட்பு. 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச நீதி மிஷன் போன்ற அமைப்புகள், உள்ளூர் போலீசோடும் அதிகாரிகளோடும் சேர்ந்து ஆட்களை வெளியே கொண்டுவந்து வழக்கு நடத்துகின்றன. சட்டம் இல்லாததல்ல, இருக்கும் சட்டம் ஏழைக்கு நடைமுறையாகாததுதான் பிரச்சினை என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லிருந்து இருக்கிறது என்பதைப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. சிக்கல் மறுநாள் தொடங்குகிறது: வெளியே வந்தவருக்கு நிலமும் வேலையும் கடனில்லாத வாழ்வும் இல்லாவிட்டால், அடுத்த முன்பணத்துக்குக் கை நீட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

2. கவனிப்பு. 'தலித்தா கூம்' என்ற கன்னியர் வலைப்பின்னல் 2009இல் உருவாகி 90க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. பெயர் மாற்கு 5இல் இயேசு சிறுமியைப் பார்த்து எழுந்திரு என்று சொன்ன அரமேயச் சொல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீட்கப்பட்டவர்களுக்கான அரசுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை 2011லிருந்து இரட்சணிய சேனை நடத்துகிறது. அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டம், துறைமுகச் சாப்ளின்கள், அதாவது மாலுமிகளைக் கவனிக்கும் சபை ஊழியர்கள். 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் போன்ற அமைப்புகளின் ஆட்கள் சிம் கார்டோடு கப்பல் ஏறுவார்கள். மாதக்கணக்கில் கரை இறங்காத மாலுமி, சம்பளம் வரவில்லை என்று முதலில் வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் அவர்களிடம்தான். கரை இறங்க முடியாதவரிடம் வேறு யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

3. முதலீட்டு அழுத்தம். சபைகளிடம் ஓய்வூதிய நிதியும் பங்குகளும் இருக்கின்றன. 1971இல் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறு என்று ஜெனரல் மோட்டார்ஸ் பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. உங்கள் சப்ளையருக்குச் சப்ளை செய்கிறவர் யார், ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடமா வசூலிக்கிறீர்கள் என்று பங்குதாரராக எழுந்து கேட்பது. பிரிட்டனின் 2015 நவீன அடிமைத்தனச் சட்டம் பெரிய கம்பெனிகளை ஆண்டறிக்கை மட்டும்தான் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு படி மேலே போனது: 2027 டிசம்பர் முதல், கட்டாய உழைப்பில் செய்த பொருள் என்று தெரிந்தால் அதை அங்கே விற்கவே முடியாது. இப்படிப்பட்ட விதிகள் வருமுன்பே கேள்வி கேட்டுப் பழகியதால், சபை முதலீட்டாளர்களிடம் கேள்விப் பட்டியல் தயாராக இருக்கிறது.

4. நாட்டுக் கடன். லேவியராகமம் 25 நேரடியாக அரசியலுக்கு வந்த இடம் இது. 'யூபிலி 2000' இயக்கம் சபைகளைச் சுற்றி வளர்ந்தது. 1998 மே 16 அன்று பர்மிங்காமில் ஜி8 எனப்படும் எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நகரை வளைத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். இதற்குப் பிறகு விரிவாக்கப்பட்ட தள்ளுபடித் திட்டங்களில் 37 நாடுகளுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் கடன் குறைந்தது. கொத்தடிமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு எளிதானது: பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசிடம் காசு இல்லாத நாட்டில், ஒரு பிரசவச் செலவோ ஒரு வறட்சியோ போதும், குடும்பம் ஆள்பிடிக்கும் ஏஜெண்டிடம் போய் நிற்கும். ஐநா கணக்குப்படி இன்று 330 கோடிக்கும் மேற்பட்டோர், கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் வாழ்கிறார்கள். முன்பு கடன் கொடுத்தவை அரசுகளும் உலக வங்கியும். இப்போது தனியார் கடன்பத்திரக்காரர்களும் சீனாவும் சேர்ந்துவிட்டதால், யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்ற இழுபறி கூடியிருக்கிறது.

பிரேசில் சொல்லும் பாடம்

சபை ஒன்று இந்த விஷயத்தில் உண்மையாகவே எதையாவது மாற்றியதா என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது பிரேசிலைத்தான்.

அமேசான் காட்டை அழித்து மாட்டுப் பண்ணைகள் உருவான காலம். 'கட்டோ' (பூனை என்று பொருள்) எனப்படும் ஆள்பிடிப்பவர், வறண்ட வடகிழக்கு மாநிலங்களுக்கு வருவார். வீட்டில் விட்டுப்போக முன்பணம் கொடுப்பார். அங்கிருந்து கணக்கு இப்படி ஓடும்:

1. முன்பணம் கடன்.
2. லாரிப் பயணம், வழியில் தங்கிய விடுதி, சாப்பாடு: கடன்.
3. பண்ணைக்குப் போனதும் கத்தி, பூட்ஸ், தார்ப்பாய்: பண்ணைக் கடையில், வெளிவிலையைவிடப் பல மடங்குக்கு. எல்லாம் கட்டோவின் நோட்டில் ஏறும்.
4. மாதக் கடைசியில் கூலியைக் கழித்தால் பாக்கி மிஞ்சும். பாக்கியை அடைக்காமல் போகக் கூடாது. போனால் துப்பாக்கி.

1971இல் சாவோ பெலிக்ஸ் தோ அரகுவாயாவின் ஆயராகப் பொறுப்பேற்ற பெத்ரோ கசல்தாலிகா, ஆயர் மடலாக எழுதியது பக்திக் கட்டுரை இல்லை. பெரும் பண்ணைகளையும் அங்கே நடப்பதையும் பற்றிய விவரமான குற்றப்பத்திரிகை அது; ராணுவ ஆட்சி நடந்த காலம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1975இல் ஆயர்களின் ஆதரவோடு நிலத்துக்கான மேய்ப்புப்பணி ஆணையம், சுருக்கமாக சிபிடி, உருவானது. லுத்தரன் சபையாரும் அதில் சேர்ந்து வேலை செய்தார்கள். அதன் அன்றாட வேலை பெரும்பாலும் எழுதுவேலை: தப்பி வந்தவர் சொல்வதைக் கேட்டு, பண்ணையின் பெயர், கட்டோவின் பெயர், எத்தனை பேர், எத்தனை நாள் என்று பதிவது, அரசுக்கு அனுப்புவது, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவது.

1989இல் பாரா மாநிலத்துப் பண்ணையிலிருந்து ஜோசே பெரெய்ரா என்ற 17 வயது இளைஞர் இன்னொருவரோடு தப்பினார். துரத்தியவர்கள் சுட்டார்கள். கூட வந்தவர் இறந்தார். பெரெய்ரா இறந்ததுபோலக் கிடந்தார். இருவரையும் தார்ப்பாயில் சுற்றி ரோட்டோரம் வீசிவிட்டுப் போனார்கள். அவர் பிழைத்து வந்து சாட்சி சொன்னார். உள்நாட்டில் நீதி கிடைக்காமல் 1994இல் வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. 1995இல் பிரேசில் அரசு, இங்கே அடிமை உழைப்பு இருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, போலீசும் தொழில் ஆய்வாளர்களும் சேர்ந்த நடமாடும் சோதனைக் குழுவை அமைத்தது. 2003இல் பெரெய்ரா வழக்கில் தன் பொறுப்பை ஏற்று இழப்பீடு கொடுத்தது.

அதே ஆண்டு சட்டமும் மாறியது. கட்டாயப்படுத்துவதும் கடனால் கட்டிவைப்பதும் மட்டுமின்றி, உடல் தாங்காத வேலைநேரமும் மனிதத்தன்மையற்ற சூழலும்கூட அடிமை உழைப்பு என்று குற்றவியல் சட்டத்தின் 149ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அப்புறம் வந்தது 'அழுக்குப் பட்டியல்': பிடிபட்ட பண்ணை, கம்பெனி பெயர்களை அரசே வெளியிடும். பெயர் இரண்டு ஆண்டு அதில் நிற்கும். வங்கிகள் கடன் தரத் தயங்கும். பண்ணைக்காரருக்குச் சிறையைவிட இதுதான் பெரிய பயம். 1995லிருந்து 60,000க்கும் அதிகமானோர் மீட்கப்பட்டிருக்கிறார்கள். பிரேசில் வெர்தே பண்ணை வழக்கில், சிபிடியின் புகார்கள் 1988லிருந்தே குவிந்திருந்தன. 2016இல்தான் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 128 தொழிலாளிகளுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இருபத்தெட்டு வருஷம்.

விலையும் கொடுத்தார்கள். நிலமற்றவர்களோடு நின்ற கன்னியாஸ்திரி டோரத்தி ஸ்டாங், 73 வயதில், 2005 பிப்ரவரி 12 அன்று பாரா மாநிலத்து அனாபு அருகே காட்டுப்பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதை மீட்பு அமைப்புகளின் வேலையோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் தெரியும். சிபிடி ஆளை வெளியே எடுப்பதோடு நிற்கவில்லை. ஆள் பண்ணைக்குப் போனதே ஊரில் நிலம் இல்லாததால்தான் என்று நிலப் பங்கீட்டையும் சேர்த்தே கேட்டது. அதனால்தான் எதிரிகளும் அதிகம்.

புளோரிடாவின் தக்காளித் தோட்டங்களிலும் கதை கிட்டத்தட்ட இதே வழியில் போனது. 1993இல் இம்மொக்காலி என்ற ஊரில், சர்ச்சிடம் இரவல் வாங்கிய ஒரு அறையில் தோட்டத் தொழிலாளிகள் வாராவாரம் கூடத் தொடங்கினார்கள். அந்தத் தோட்டங்களில் நடந்த பல அடிமை உழைப்பு வழக்குகளை வெளிக்கொண்டுவந்தவர்கள் அவர்களே. டாக்கோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்க அவர்கள் அழைத்தபோது அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை தன் மக்களையும் சேர்த்துக்கொண்டது. 2005இல் கம்பெனி இறங்கிவந்தது: ஒரு பவுண்டு தக்காளிக்குக் கூடுதலாக ஒரு சென்ட். சபை இங்கே முன்னால் நின்று பேசவில்லை. அறை கொடுத்தது, கடைக்குப் போகாமல் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

உள்ளுக்குள் நடக்கும் சண்டைகள்

முதல் சண்டை, எதைப் பார்ப்பது என்பதில். மேற்கத்திய சபைகளின் பிரச்சாரத்தில் நீண்ட காலம் பாலியல் கடத்தல்தான் முன்னால் நின்றது. அது கொடுமை என்பதில் சந்தேகமில்லை. லாபமும் அதில்தான் மிக அதிகம். ஆனால் மேலே உள்ள கணக்கைப் பாருங்கள்: 2 கோடியே 76 லட்சத்தில் 63 லட்சம். மீதிப்பேர் வயலிலும் கட்டடத்திலும் படகிலும் அடுப்படியிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் பொருளின் விலை, குடியேற்றச் சட்டம், தொழிற்சங்கம் என்று பேச்சு போகும். ஆராதனையில் அதைப் பேசக் கூச்சம்.

இரண்டாவது, உதவியும் மதமாற்றமும். மீட்டவரிடம் ஜெபத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அடைக்கலத்தில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவரும் ஒருவிதத்தில் கட்டுண்டவர்தானே. பல அமைப்புகள் இதற்கு எழுத்திலேயே விதி வைத்திருக்கின்றன, எல்லாம் அல்ல.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது.

முதலாளி சபையாகவே இருந்தால்

அயர்லாந்தில் கன்னியர் மடங்கள் நடத்திய மக்தலேன் சலவைக்கூடங்களில் 1922க்கும் 1996க்கும் இடையே 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். திருமணமாகாமல் தாயானவர்கள், அநாதைகள், ஊருக்குப் பிடிக்காத பெண்கள். ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி துவைத்தார்கள். மடம் காசு வாங்கியது, பெண்களுக்குக் கூலி இல்லை. கதவு பூட்டியிருந்தது. சிலர் உள்ளே போனதும் பெயரையே மாற்றிவிடுவார்கள். ஐஎல்ஓவின் இரண்டு நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லாத பல வழக்குகள் அங்கே உண்டு. தவம், சீர்திருத்தம் என்று பெயர் வைத்ததால் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. 2013 பிப்ரவரியில் அயர்லாந்துப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், அரசு இழப்பீட்டுத் திட்டம் அறிவித்தது. சலவைக்கூடங்களை நடத்திய நான்கு கன்னியர் சபைகளும் அந்த நிதிக்குப் பணம் தர மறுத்துவிட்டன.

2018 மார்ச்சில் வத்திக்கான் நாளிதழின் பெண்களுக்கான இணைப்பிதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. கர்தினால்கள், ஆயர்கள் வீடுகளில் சமைத்து, துவைத்து, பரிமாறும் கன்னியர்களைப் பற்றியது. இந்தக் கன்னியர்களை யாரும் பூட்டிவைக்கவில்லை, எனவே கட்டாய உழைப்பு என்ற வரையறைக்குள் இது வராது. ஆனால் விடியுமுன் எழுந்து இரவு பாத்திரம் கழுவி முடிக்கும்வரை வேலை, பெரும்பாலும் ஒப்பந்தம் கிடையாது, கையில் வருவது சொற்பம் அல்லது ஒன்றுமில்லை. கட்டுரையில் பேசிய கன்னியர்கள் மாற்றுப்பெயரில்தான் பேசினார்கள்.